ஏலியனுக்கு எதுக்குங்க சுடாத செங்கல்?

எகிப்து போயிட்டு வந்தாச்சு. போட்டோ எல்லாம் அப்புறம் போடறேன், முதல்ல ஒரு வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறேன்.

லக்சர்ல கர்னாக் கோவில். தூண் மண்டபத்துல மொத்தம் 134 தூண். நடுவுல நிக்கற 12 தூணும் ஒவ்வொண்ணு சுமார் 21 மீட்டர். அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கிட்டு நிக்கறப்ப, எங்க குழுவுல வந்த ஒரு அண்ணன் (அவரும் இன்ஜினியர்தான், கொடுமை) செல்போனைப் பார்த்து வீடியோ பேசிட்டிருக்கார்: "இதை மனுஷன் கட்டியிருக்க சான்ஸே இல்ல மக்களே. ஏலியன்ஸ்தான்!"

அடப்பாவி மனுஷா! ஆதாரத்தைத் தாண்டித்தானே இங்க வந்தீங்க? முதல் கோபுர வாசல்ல நுழைஞ்சதும் வலது பக்கம் திரும்பினா, சுவரோட உள்பக்கம் சுடாத செங்கல் மேடு ஒண்ணு கிடக்கு. கல்லை மேல இழுக்கப் போட்ட சாய்தளத்தோட மிச்சம். சுமார் 2400 வருஷத்துக்கு முன்னாடி முதலாம் நெக்டனிபோ காலத்து வாசல் அது. பாதியில நின்னுபோச்சு, சாய்தளத்தையும் யாரும் பிரிக்கல. டெஸ்ட் கோடை எடுக்காம ரிலீஸ் பண்ற நம்ம பசங்க மாதிரியேதான். நட்சத்திரம் தாண்டிப் பறந்து வந்தவனுக்கு மண்ணைக் குழைக்கணும்னு என்ன தலையெழுத்து?

அஸ்வான் குவாரியில சுமார் 42 மீட்டர் நீளத்துல ஒற்றைக்கல் தூண் ஒண்ணு பாதி செதுக்கினபடி கிடக்கு. விரிசல் விட்டுடுச்சு, போட்டுட்டுப் போயிட்டாங்க. ஏலியன் சொதப்புவானா?

ஜாலிக்குத்தானே சொல்றோம்னு கேக்கறார். 1968ல எரிக் வான் டேனிகன் புத்தகம் போட்டதுல இருந்து இதே ஜாலிதான். ஏதென்ஸ்ல பார்த்தினானைப் பார்த்தா மட்டும் இக்தினோஸ், காலிக்ரதிஸ்னு ஆர்க்கிடெக்ட் பேரு கரெக்டா வந்துடும். ஆப்பிரிக்க வெயில்ல கறுத்த கை கட்டினதுன்னா உடனே வானத்தைப் பார்ப்பாங்க.

நைலுக்கு அந்தக் கரையில டேர் எல் மெதினா. ராஜாக்களோட கல்லறையை வெட்டினவங்க ஊர் (கோவில் கட்டினவங்க இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அதே உளிதான்). இரண்டாம் ராம்சேஸோட 40வது வருஷத்து அட்டெண்டன்ஸ் கல்லு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. ஒருத்தனுக்குத் தேள் கடிச்சு லீவு, இன்னொருத்தன் பீர் காய்ச்ச லீவு. நம்ம டைம்ஷீட்ல இப்படி எழுத முடியுமா?

மூன்றாம் ராம்சேஸோட 29வது வருஷம் கூலி தானியம் வரல. அதே ஊர்க்காரங்க வேலையைப் போட்டுட்டு, கோவில்களுக்குப் பின்னாடி போய் உட்கார்ந்துட்டாங்க. அதைப் பதிவு பண்ணின பாப்பிரஸ் டூரின் மியூசியத்துல இருக்கு. எனக்கும் முதல் வேலையில ரெண்டு மாசம் சம்பளம் வரல. நானும் உட்கார்ந்தேன், ராத்திரி பதினொரு மணி வரைக்கும், கோடு அடிச்சுட்டு. அவங்க தைரியம் நமக்கு வரல. அப்படிப்பட்ட ஆளுங்க உழைப்பைத் தூக்கிப் பறக்கும் தட்டு பேர்ல எழுதினா எரியாதா?

திரும்பி வரும்போது அண்ணனை இழுத்துட்டுப் போய் அந்தச் செங்கலைக் காட்டினேன். நல்லா உத்துப் பார்த்தார்.

"ஏதோ ரிப்பேர் வேலை நடக்குது போல தம்பி" ன்னார்.

அதுக்குள்ள பஸ்காரன் ஹாரன் அடிச்சுட்டான்.