முதல் பட்டதாரி: சான்றிதழுக்குப் பிறகு

பிளஸ் டூ முடிவு வந்ததும் இ-சேவை மையங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குபவர்கள் கடைசியில் வந்து நிற்பது முதல் பட்டதாரி சான்றிதழில். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவே பட்டுத் தறியையும் வயலையும் நம்பி வாழும் பெரணமல்லூர் வட்டாரத்தில் இதைக் கேட்கத் தகுதியுள்ள வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதில் குழப்பம் நிறைய இருக்கிறது. அதைத் தெளிவாக்கிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவோம். அடுத்ததுதான் பெரிது.

2010-11 கல்வியாண்டில் தமிழக அரசு கொண்டுவந்த சலுகை இது. குடும்பத்தில் பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லாமல், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும் மாணவருக்கு, நிர்ணயித்த அளவுக்குக் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, இரு வழித் தாத்தா பாட்டிகள், உடன்பிறந்தவர்கள். மாமாவும் சித்தப்பாவும் கணக்கில் வர மாட்டார்கள். அண்ணன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்திருந்தால் தடையில்லை, டிப்ளமோ பட்டமாகாது. அக்கா பி.ஏ. முடித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் எனக் கைமாறி மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போய்ச் சேரும். கலந்தாய்வு நெருங்கிய பிறகு அலைவதைவிட, தேர்வு முடிந்த விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கினால் இந்தச் சலுகை கிடைக்காது. விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ் எதுவும் இதில் அடங்காது. செய்யாறு அரசு கலைக் கல்லூரி போன்ற இடங்களில் பி.ஏ., பி.எஸ்சி. சேருபவர்களுக்கு இது தேவையும் இல்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது.

இந்தச் சலுகையையும் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. அது அரசுப் பள்ளி மாணவர்களுக்கானது. மருத்துவத்தில் 2020இலும் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021இலும் வந்தது. அந்த வழியில் இடம் கிடைத்தவருக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும், பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இது வங்கிக் கணக்கில் நேராக வருவதால் ஆதாரை அந்தக் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். அந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் விட்டுப் பணம் வராமல் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இந்த ஏற்பாடுகள் பலன் தந்திருக்கின்றன என்று தயங்காமல் சொல்லலாம். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டில் 47. மதிய உணவு, இட ஒதுக்கீடு, தொழிற்படிப்புக்கான நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கியது என்று பல தலைமுறை வேலை இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் இந்த எண் கல்லூரியில் சேர்ந்தவர்களைச் சொல்கிறது. சேர்ந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. அதற்குக் கட்டணச் சலுகையில் பதில் இல்லை.

நெசவாளி வீட்டில் பிள்ளை தறி வேலையைப் பாடமாகப் படிப்பதில்லை. தார் சுற்றிக் கொடுக்கும் வயதிலேயே பாவு ஏறுவதையும் இழை அறுந்தால் பிணைப்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்கிறது. பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியும் இப்படித்தான் வந்து சேருகிறது. அரியர் என்றால் என்ன, இன்டர்னல் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள், எந்த ஆசிரியரிடம் எதற்குப் போக வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு வேளைப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை என்பதாலேயே, இது தெரியாத பிள்ளையைப் பார்த்து 'கெட்டிக்காரன் இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சமூகவியலாளர் ஆண்டனி ஆபிரகாம் ஜாக், அமெரிக்காவின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றில் ஏழை வீட்டு மாணவர்களோடு பேசி 2019இல் 'தி பிரிவிலேஜ்ட் புவர்' என்ற நூலை வெளியிட்டார். பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்தை அங்கே ஆபீஸ் அவர்ஸ் என்பார்கள். வசதியான பள்ளிகளில் படித்து வந்தவர்கள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். சாதாரணப் பள்ளியிலிருந்து வந்த ஏழைப் பிள்ளைகளோ ஆசிரியரைத் தேடிப் போவதைக் காக்காய் பிடிப்பதாக நினைத்து ஒதுங்கி நின்றார்கள். உழைத்தால் போதும், யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டில் கற்ற மரியாதை. நம் வீடுகளிலும் அதைத்தானே சொல்லி வளர்க்கிறோம்?

அரியரை, அதாவது தோற்று மீண்டும் எழுத வேண்டிய பாடத்தை, எடுத்துக்கொள்வோம். தமிழ் வழியில் படித்து கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பெண், பொறியியல் முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடக்கும் கணக்குப் பாடத்தில் தோற்கிறாள். அதுவரை தோல்வியே பார்க்காதவள். வீட்டில் சொன்னால் 'படிச்சது போதும், வா' என்பார்களோ என்று பயந்து மறைக்கிறாள். அரியர் பேப்பரை அடுத்த முறை எழுதலாம், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், முதலாண்டில் தடுமாறி நல்ல வேலைக்குப் போனவர்கள் அதே துறையில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. வகுப்புக்குப் போகக் கூசுகிறாள். வருகைப்பதிவு, தேர்வெழுதத் தேவையான 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. அதற்குக் கீழே 65 வரை, மருத்துவக் காரணம் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு கிடைக்கும். ஒரு பேப்பரில் தொடங்கியது படிப்பையே நிறுத்துவதில் முடிகிறது. இதில் பணம் எங்கேயும் குறுக்கே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழில் படிக்க அண்ணா பல்கலைக்கழகம் 2010-11இலேயே வழி செய்தது. தமிழ் வழியில் படித்தவருக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமைச் சட்டமும் உண்டு. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்து வந்திருக்க வேண்டும் என்பது அதன் இன்றைய நிபந்தனை. தனியார் வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதும் உண்மைதான். எதைத் தேர்ந்தாலும் குற்றமில்லை. இரண்டு பக்கமும் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே வேண்டுகோள். தகவல் தெரியாமல் எடுத்த முடிவைப் பிறகு 'விருப்பம்' என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

நெசவு வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கல்லூரிகளின் நாள்காட்டியை வகுப்பவர்கள் அதை நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில்தான் பட்டுக்குக் கிராக்கி. முன்பணம் வாங்கியிருக்கும் வீட்டில் சேலையைக் குறித்த நாளில் அறுத்துக் கொடுத்தாக வேண்டும், வீட்டில் இருக்கும் எல்லாக் கையும் தேவைப்படும். ஒற்றைப்படை செமஸ்டரின் இன்டர்னல் தேர்வுகள் வருவதும் அதே மாதங்களில்தான். வீட்டிலிருந்து போய்வரும் பிள்ளை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இன்டர்னலில் விட்டதைப் பெரிய தேர்வில் பிடித்துவிடலாம் என்று வீட்டார் நினைக்கிறார்கள். பள்ளியில் அது நடந்திருக்கும். இங்கே இன்டர்னல் மதிப்பெண் இறுதிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

முதல் பட்டதாரி என்ற ஒரே பெயருக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுபவர்களும் அல்ல. ஆரணியில் ஆசிரியராக இருக்கும் தாய்மாமன் வாய்த்த பையனும், இதே திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வரும் பழங்குடிப் பெண்ணும் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். பையன் ஒரு போனில் கேட்டுத் தெரிந்துகொள்வதை அவள் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சேரியிலிருந்து வரும் மாணவனுக்கோ வழி தெரியாததோடு, விடுதியிலும் ஆய்வகத்திலும் சாதியைத் துருவும் கேள்விகளும் சேர்ந்துகொள்கின்றன. வழி சொல்லத் தெரிந்தவர் யார் யாருக்கு இல்லை என்று பார்ப்பதும் தனி வேலை. சான்றிதழ் அதைக் காட்டாது.

இப்படி ஆளுக்கு ஆள் பார்த்துக் கவனிக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் அட்லான்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் ஒவ்வொரு மாணவரையும் 800க்கும் மேற்பட்ட அறிகுறிகளை வைத்துத் தினமும் கவனிக்கிறார்கள். ஒரு பாடத்தில் சறுக்கினால், தவறான பாடத்தில் பதிந்தால், ஆலோசகரே கூப்பிட்டுப் பேசுகிறார். சிறு கட்டணப் பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையில் இருப்பவருக்கு, அவர் கேட்காமலே சிறு தொகை போட்டுப் பாக்கியைத் தீர்க்கிறார்கள். 2003இல் 32 சதவீதமாக இருந்த அங்கத்திய பட்டம் முடிப்போர் விகிதம் பிறகு ஐம்பதைத் தாண்டியது. கணினி வசதியைவிட நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, மாணவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் கல்லூரி முதலில் கூப்பிடுவதைத்தான்.

இதைத் தச்சூரில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியிலோ செய்யாறு கலைக் கல்லூரியிலோ செய்யக் கோடிகள் வேண்டாம். முதல் இன்டர்னல் முடிந்த வாரத்தில், தோற்றவர் பட்டியலை எடுத்து ஆளுக்குப் பத்து நிமிடம் பேச ஓர் ஆசிரியர் போதும். அதே வட்டாரத்து மூன்றாமாண்டு மாணவர் ஒருவரை முதலாண்டு மாணவர் ஒருவரோடு சேர்த்துவிடலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு வலியுறுத்தும் மூன்று வார அறிமுக நிகழ்ச்சி பொறியியல் கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. பல இடங்களில் அது பொன்னாடைக்கும் ஊக்க உரைக்கும் போய்விடுகிறது. ஊக்கம் இல்லாமலா இந்தப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்தார்கள்? அந்த நேரத்தில் ஒரு மதிப்பெண் பட்டியலைத் திரையில் போட்டு வரிக்கு வரி விளக்கினால் போதும்.

'எங்க காலத்துல யாரு கையப் பிடிச்சுக் கூட்டிப் போனாங்க?' என்று கேட்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாண்டி வந்தவர்கள். கூடவே கிளம்பி நடுவில் திரும்பிப் போனவர்களைத் தறிக்குழியில் போய்க் கேட்டால் வேறு பதில் கிடைக்கும்.

பெற்றோர் கூட்டத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வேலைநாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, முதல் பட்டதாரி வீட்டார் வருவதில்லை, அக்கறை இல்லை என்று குறைப்படுகிறோம். தறியை விட்டு வந்தால் அன்றைய கூலி போகும். பட்டு நெசவு நடக்கும் ஊர்கள் பலவற்றில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்று சாயங்காலம், கல்லூரியில்கூட வேண்டாம், பெரணமல்லூரிலேயே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம் வைக்கலாம். இன்டர்னல் எந்தத் தேதியில், எத்தனை நாள் லீவு போட்டால் ஆபத்து, அரியர் விழுந்தால் அடுத்து என்ன செய்வது, உதவித்தொகை வராவிட்டால் யாரைக் கேட்பது, பெண்ணின் விடுதிக்கு யார் பொறுப்பு என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, ஓர் ஆசிரியரின் போன் நம்பரோடு கையில் கொடுக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட, அந்த ஊரிலிருந்தே கல்லூரி முடித்த யாரையாவது அன்று வரச் சொல்லலாம்.