தைரிய உபதேசம் போதாது

நிரல் எழுதக் கற்கப் புகுந்த மாணவி ஒருத்தி, தான் தட்டிய நான்கு வரிக்குத் திரை பத்து வரியில் பிழை சொல்வதைக் கண்டும், அடுத்த இருக்கைக்காரன் அதே கணக்கை முடித்துவிட்டு எழுந்து போவதைக் கண்டும், இந்த வித்தை நமக்கு வாய்க்காது என்று சோர்ந்துவிட்டால், தன்னம்பிக்கையின் மகிமையை எடுத்துரைத்து அவளைத் திருப்பி அனுப்புவதே நம் கல்லூரிகளில் வழங்கும் சிகிச்சையாக இருக்கிறது. அச்சிகிச்சையால் விளையும் பிரயோஜனம் சொற்பமே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அந்தச் சந்தேகம் அவள் சுபாவத்தில் பிறந்ததன்று, பிறர் செய்யும் பிழைகளை அவள் கண்ணில் படாமல் மறைத்துவைக்கும் கற்பிப்பு முறையில் பிறந்தது.

1949 மே 6ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணித ஆய்வுக்கூடத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி முதன்முதலாக ஓடி, வர்க்க எண்களின் அட்டவணையைக் கணக்கிட்டுத் தந்தது. அதை நிர்மாணித்த மாரிஸ் வில்க்ஸ், எய்ரி என்னும் வானியல் அறிஞரின் பெயரால் வழங்கும் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கு விடை காண்பதற்காக அடுத்து எழுதிய நிரலில் 126 கட்டளைகளே இருந்தன. பல்லாண்டுகளுக்குப் பின் அதன் காகித நாடாவை ஆராய்ந்தபோது சுமார் 20 பிழைகள் தென்பட்டன. பொறி இருந்த அறைக்கும் நாடாவில் துளையிடும் இடத்துக்கும் இடையே படியேறி இறங்கிய ஒரு வேளையில், தம் ஆயுளில் மிஞ்சிய காலத்தின் பெரும்பங்கு தம் நிரல்களில் தாமே செய்த பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்ற உணர்வு தம்மைப் பலமாகத் தாக்கியதாக, 1985இல் வெளிவந்த நினைவுக்குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். அந்த ஞானோதயத்துக்குப் பின் அவர் வேறு உத்தியோகம் தேடிப் போகவில்லை. வீலர், கில் ஆகிய சகாக்களுடன் சேர்ந்து, சோதித்துத் தேறிய துணைநிரல்களைச் சேமித்துவைத்து மீண்டும் மீண்டும் எடுத்தாளும் ஏற்பாட்டை விளக்கி, 1951இல் நிரலாக்கம் பற்றிய முதல் நூலையே வெளியிட்டார்.

இருந்தும், நிரலாக்கம் பிறவியிலேயே வாய்க்கவேண்டிய சாமர்த்தியம் என்ற எண்ணம் ஆசிரியர் உலகத்தை விட்டு எளிதில் அகலவில்லை. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தெஹ்நாதி, போர்னாட் என்னும் இருவர், பாடம் தொடங்குமுன்பே ஒரு சிறு பரீட்சையால் தேறுவோரையும் தேறாதோரையும் பிரித்துவிடலாம் என்று 2006இல் எழுதியது வெகுதூரம் பரவிற்று. 2014இல் போர்னாட் தாமே அக்கூற்றை வாபஸ் வாங்கிக்கொண்டது அவ்வளவு தூரம் பரவவில்லை. 2016இல் பதிட்சாஸ் முதலியோர் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 778 கணிப்பொறி வகுப்புகளின் மதிப்பெண்களை ஆராய்ந்தபோது, வல்லோர், மாட்டாதோர் என இரு குவியலாகப் பிரியும் சாயல் 6 சதவீதத்துக்கும் குறைவான வகுப்புகளிலேயே தென்பட்டது.

அப்படியானால் வகுப்பறையில் பிரத்தியட்சமாகத் தெரியும் ஏற்றத்தாழ்வு எதனால்? பெரும்பாலும் முன்பரிச்சயத்தால். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் மாணவ மாணவியரைப் பேட்டி கண்டபோது, சிறுவயது முதல் கணிப்பொறியோடு விளையாடி வளர்ந்த பையன்களின் சரளத்தைப் பிறவி மேதை என்று எண்ணி மாணவிகள் தம்மையே தாழ்த்திக்கொண்டது வெளிப்பட்டது. சேர்க்கையில் முன்னனுபவத்துக்குத் தந்த முக்கியத்துவத்தை அங்கே குறைத்தார்கள். முதலாண்டில் அவரவர் அனுபவத்துக்கேற்ற வெவ்வேறு தொடக்கப் பாடங்களை வைத்தார்கள். புதிதாகச் சேர்வோரில் 1995இல் 7 சதவீதமாக இருந்த பெண்கள் 2000இல் 42 சதவீதமானார்கள். நம் ஊர் முதலாண்டுப் பொறியியல் வகுப்பிலோ, மேல்நிலையில் கணினி அறிவியல் எடுத்து சி பிளஸ் பிளஸும் பைத்தானும் படித்து வந்தவனும், உயிரியல் எடுத்துத் தமிழ்வழியில் படித்து வந்தவளும் ஒரே பெஞ்சில் ஒரே கணக்கைத் தொடங்குகிறார்கள். பிழைச்செய்தியும் ஆங்கிலத்தில் வருகிறது.

இதைவிட விபரீதமானது ரெக்கார்டு நோட்டு. நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு என்று வரிசையாக எழுதி, நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டது என்ற மாறாத வாசகத்தோடு முடியும் அந்த நோட்டில், வில்க்ஸே தம் 20 பிழைகளோடு வந்தாலும் அவற்றை எழுத இடமில்லை. ஆகவே ஒருவர் நோட்டை மற்றவர் பிரதி செய்ய, வகுப்பு முழுவதும் தவறே செய்யாத மேதைகளாகக் காகிதத்தில் காட்சி தருகிறது. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளைப் படைத்த டொனால்டு க்னூத், 1978 முதல் அதில் கண்ட பிழைகளைக் குறித்துவைத்து, 1989இல் தாமே ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அதனால் அவர் கீர்த்திக்குக் குறைவேதும் நேர்ந்துவிடவில்லை. ரெக்கார்டு நோட்டின் இடப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. நேர்ந்த பிழை, அது பிடிபட்ட விதம் இரண்டையும் அங்கே எழுதச் சொல்லி, அகமதிப்பீட்டில் அதற்கும் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்குவதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. பிழையையும் பிரதி செய்வார்களே என்று ஆட்சேபிக்கலாம். செய்யட்டும், அடுத்த இருக்கைக்காரனும் தவறுகிறான் என்ற செய்தியாவது அந்தப் பிரதியோடு அவர்களைப் போய்ச்சேரும்.