என் தைரியத்தைப் பாராட்டாதீர்கள்

சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாயை மோட்டார் சைக்கிளில் கடந்து வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள்: "தைரியம்தான் உங்களுக்கு!" எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை இருக்கிறது. அதே சாலையில் வண்டி ஓட்டிய ஆண்களிடம் "டூர் எப்படி?" என்று கேட்பார்கள். ஆணுக்கு விடுமுறையாக இருப்பது பெண்ணுக்கு மட்டும் ஏன் வீரச் செயலாகிறது?

ஃபுர்காவின் உயரம் 2,429 மீட்டர். ஊரி, வாலே என்ற இரண்டு மாநிலங்களை இணைக்கும் இந்தச் சாலை பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடந்து, கோடையில்தான் திறக்கும். உச்சியைத் தாண்டி மேற்கே இறங்கினால் ரோன் பனியாறு. உருகுவதைத் தாமதப்படுத்த அதன் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் போர்த்தியிருக்கிறார்கள். கீழே பள்ளத்தாக்கு. எதிர்மலையில் கிரிம்சல் கணவாய்ச் சாலை மடிந்து மடிந்து ஏறுகிறது.

இங்கே வண்டி ஓட்ட உடல் வலு வேண்டும் என்பார்கள். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்க வேண்டும். தலையைத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். பார்வை போகும் இடத்துக்கு வண்டி போகும். சீராக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி பின்பிரேக்கை லேசாக மிதித்தால் தடுமாறாமல் திரும்பும். இதற்குத் தேவையான எந்த உறுப்பு ஆணுக்கு மட்டும் இருக்கிறது? பெண்ணின் தலையிலிருக்கும் பொருளை வைத்து அந்த வளைவுக்குக் கொண்டை ஊசி என்று பெயர் வைத்தார்கள். அவளை மட்டும் பின்னால் உட்காரச் சொன்னார்கள்.

இந்தச் சாலையைச் சினிமா ரசிகர்களிடம் கொண்டுபோனது 1964இல் வெளிவந்த 'கோல்ட்ஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படம். அதில் ஒரு பெண் வெள்ளைக் காரில் பாண்டை முந்திப் போகிறாள். தன் சகோதரியைக் கொன்றவனைத் துப்பாக்கியோடு துரத்துகிறவள் அவள். சற்று நேரத்தில் பாண்ட், தன் கார்ச் சக்கரத்திலிருந்து நீளும் ஆயுதத்தால் அவள் டயரைக் கிழிக்கிறான். வண்டி சாலையோரம் நிற்கிறது. பிறகு அவனே பரிவோடு லிஃப்ட் கொடுக்கிறான். தானே ஓட்டி வந்தவள் பக்கத்து இருக்கைக்கு மாற்றப்படுகிறாள். படம் முடிவதற்குள் கொல்லவும் படுகிறாள். டயரைக் கிழித்தவனே லிஃப்ட் கொடுக்கும் உபகாரியாகவும் வருவதை நாம் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

அந்தப் படம் வந்தபோது சுவிட்சர்லாந்துப் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டுரிமை இல்லை. 1971இல்தான் கிடைத்தது. 1957இல் வாலே மாநிலத்தின் உன்டர்பெஹ் என்ற மலைக்கிராமத்தில், பெண்களையும் குடிமைப் பாதுகாப்புப் பணியில் கட்டாயமாகச் சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. பெண்ணைப் பற்றிய கேள்வி. பதில் சொல்லும் உரிமை ஆணுக்கு. ஊர்ப் பெண்கள் தடையை மீறி வாக்களித்தார்கள். முதல் வாக்குச்சீட்டைப் போட்டவர் கதரீனா சென்ஹாய்சர்ன். அவர்களுடைய வாக்குகள் எண்ணிக்கையில் சேரவில்லை. கணவனே குடும்பத் தலைவன், மனைவி வேலைக்குப் போக அவன் சம்மதம் வேண்டும் என்ற சட்டம் 1988 வரை இருந்தது. அந்தப் பெண்களுக்குத் தைரியம் இல்லாமலா போயிற்று?

தைரியத்தைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஆன்-ஃப்ரான்ஸ் தோத்வில் 1972இல் பாரிஸிலிருந்து இஸ்ஃபஹான் வரை மோட்டார் சைக்கிள் குழுவோடு போனார். அவர் லாரியில் ஏறிப் போனதாகக் கதை கட்டினார்கள். மறுவருடம் ஒரு 125 சிசி வண்டியில் தனியாக உலகைச் சுற்றக் கிளம்பினார். எந்த ஆணிடம் இப்படி இரண்டாம் முறை சான்று கேட்டார்கள்?

பெண்ணைத் தைரியசாலி என்று சொல்லிவிட்டால் தடைகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அதுதான் அந்தப் பாராட்டின் வசதி. போகாத பெண்கள் பயந்தவர்கள் என்றும் ஆகிவிடுகிறது. நான் ஃபுர்கா போனதற்கு வேறு காரணங்கள் உண்டு. மாதச் சம்பளம் இருந்தது. விடுப்பு இருந்தது. லைசென்ஸ் இருந்தது. வீட்டில் அம்மாவுக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுக்கச் சம்பளத்துக்கு இன்னொரு பெண் இருந்தார். அவருக்கு எத்தனை நாள் விடுப்பு என்று என் தைரியத்தைப் புகழ்ந்த எவரும் கேட்கவில்லை.

மலை வரைக்கும் போக வேண்டாம். நம் ஊர் பைக்குகளின் பின்சக்கரத்தில் சாரி கார்டு என்றொரு கம்பித் தடுப்பு இருக்கும். பின்னால் உட்காருகிறவர் உடை சக்கரத்தில் சிக்காமலிருக்க அப்படியொரு தடுப்பு வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. உயிர் காக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள். சேலை கட்டியவளின் இடம் பின் இருக்கை என்று வண்டி செய்யும்போதே முடிவாகிவிட்டது.

என் வகுப்பில் வண்டி ஓட்டத் தெரிந்த மாணவிகள் பலர். பயம் பற்றி அவர்களிடம் நான் பேசுவதில்லை. வேறு மூன்று கேள்விகள் கேட்கிறேன். உன் வீட்டு வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது? பெட்ரோலுக்குக் காசு யார் கையில்? எங்கே போகிறாய் என்று சொல்லாமல் எத்தனை கிலோமீட்டர் உன்னால் போக முடியும்?