உயிருள்ள மருந்துக்கு உரிய ஏற்பாடு வேண்டும்

சென்னைப் பட்டணத்தின் தாகத்தைத் தீர்க்கும் பூண்டி, சோழவரம், புழல் ஏரிகளும், 2020-இல் அவற்றோடு சேர்ந்த கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருப்பதை எண்ணிப் பார்த்தால், அம்மாவட்டத்து வயல்களில் எந்த மருந்து தெளிக்கப்படுகிறது என்பது குடியானவர்களின் சொந்த விஷயம் மட்டுமன்று என்பது விளங்கும். ஆகவே, இரசாயன மருந்துகளுக்குப் பதிலாக, பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சாணங்களை உரிய காலத்தில், நல்ல தரத்தில் விவசாயிகளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பைச் சர்க்கார் முழுமையாக ஏற்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

இது நேற்று முளைத்த சாஸ்திரமன்று. பட்டுப்புழுக்களை மாய்க்கும் வெண்ணிற நோய்க்குப் பூஞ்சாணமே காரணம் என்று இத்தாலியரான அகோஸ்தினோ பாஸி 1835-இல் நிரூபித்தார். கோதுமையை அழித்த வண்டின்மீது பச்சைப் பூஞ்சாணத்தை 1879-இல் விஞ்ஞானி மெட்ச்னிகாஃப் பரிசோதித்தார். பாஸியின் பெயரைத் தாங்கிய பிவேரியா பேசியானாவும், மெட்ச்னிகாஃப் கையாண்ட மெட்டாரைசியமும் இன்று தூளாகவும் திரவமாகவும் நம் கடைகளிலேயே கிடைக்கின்றன. இவற்றின் வித்து பூச்சியின் தோலில் ஒட்டி, ஈரம் கிடைத்ததும் முளைத்து, தோலைத் துளைத்து உட்புகுந்து பெருகி, சில தினங்களில் அதன் பிராணனைப் போக்கிவிடுகிறது. பூச்சி மருந்தைத் தின்னவேண்டிய அவசியமே இல்லையாதலால், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் இம்முறை பொருந்தும்.

வடகிழக்குப் பருவமழையில் வளரும் சம்பாப் பயிருக்குள் தங்கும் ஈரம், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு எவ்வளவு அனுகூலமோ, பூஞ்சாணத்துக்கும் அவ்வளவு அனுகூலம். இரசாயன மருந்துகளோ புகையானைத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்தே அழிக்கின்றன. செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளைத் தெளித்த வயல்களில் புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகுவது ஆராய்ச்சியாளர் அறிந்த உண்மை.

பூஞ்சாணம் தாமதமாகவே வேலை செய்கிறது என்ற ஆட்சேபம் நியாயமானதே. வயல் தீய்ந்த பிறகு தெளித்துப் பயனில்லை. பூச்சி தலைகாட்டும்போதே, வெயில் தாழ்ந்த மாலை வேளையில், பூஞ்சாணக் கொல்லிகளோடு கலவாமல் தெளிக்க வேண்டும். ஆனால் இதைவிடப் பெரிய குறை வேறொன்று. பாலைப் போலவே இதுவும் கெட்டுப்போகும் சரக்கு. தகரக் கொட்டகைக் கடையின் உஷ்ணத்தில் வித்துக்கள் செத்துப்போன பொட்டலத்தை வாங்கி ஏமாந்த விவசாயி, மறுமுறை விஷப் புட்டியைத் தேடுவதில் வியப்பென்ன?

ஆகவே, இம்மாவட்டத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் மேற்பார்வையில் வட்டந்தோறும் உற்பத்தி நிலையங்கள் அமையவேண்டும். ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலும் உயிருள்ள வித்துக்களின் அளவு பரிசோதிக்கப்பட்டு, தேதியுடன் அச்சிடப்பட வேண்டும். குளிர்ந்த இடத்தில் வைத்து விற்பவருக்கே அனுமதி அளிக்கவேண்டும். எத்தனையோ ஆலைகளுக்கு நிலமும் மின்சாரமும் அளித்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இம்மருந்துக்கென ஒரு சேமிப்புக் கிடங்குக்கு இடம் ஒதுக்குவது அசாத்தியமான காரியமன்று. 2023-இல் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்ட தமிழக அரசு, அந்தக் கொள்கைக்குச் செயல்வடிவம் தருவதை அடுத்த சம்பாப் பட்டத்திற்கு முன்பே இம்மாவட்டத்தில் தொடங்க வேண்டும்.