அறிவினாவும் அறியா வினாவும்

நுழையும்முன்

கல்லூரி விழாக்களில் வினாடி வினாவுக்குத் தனி இடம் உண்டு. விரைந்து விடை சொல்பவர் பரிசு பெறுகிறார், அரங்கம் கைதட்டுகிறது. அம்மேடையில் எத்தகைய வினாக்களைக் கேட்பது தகும்? பின்னலாடை நகராகிய திருப்பூரை முன்வைத்து இதனை ஆராய்கிறது இக்கட்டுரை.

வினாடி வினாவின் வரவு

ஆஸ்திரேலியாவின் தலைநகர் எது? நோபல் பரிசு பெற்ற முதல் இந்தியர் யார்? திருப்பூர் மாவட்டம் உருவான ஆண்டு எது? கான்பெரா, இரவீந்திரநாத் தாகூர், 2009 என விடைகள் நொடிப்பொழுதில் வந்து விழுகின்றன. மதிப்பெண் பலகையில் எண்கள் ஏறுகின்றன. அடுத்த வினாவுக்கு அரங்கம் தயாராகிவிடுகிறது.

வினா தொடுத்து அறிவை அளக்கும் விளையாட்டு தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் 'பிசி' என்று குறிப்பிட்ட இலக்கிய வகையே பிற்கால விடுகதைக்கு முன்னோடி. மேடையில் அணிகள் அமர்ந்து போட்டியிடும் இன்றைய வடிவமோ அண்மைக்காலத்தது. 1967இல் கொல்கத்தாவில் நீல் ஓ பிரையன் நடத்திய போட்டியே இந்தியாவின் முதல் முறையான வினாடி வினாவாகக் கருதப்படுகிறது. 1972இல் போர்ன்விட்டா வினாடி வினா வானொலிக்கு வந்தது. 1985இல் 'குவிஸ் டைம்' நிகழ்ச்சி தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. 2000ஆம் ஆண்டில் 'கோன் பனேகா குரோர்பதி' ஒரு விடைக்குக் கோடி ரூபாய் கிடைக்கக்கூடும் என்று காட்டியது. இவ்வாறு வளர்ந்த வினாடி வினா இன்று பள்ளிதோறும் கல்லூரிதோறும் நடைபெறுகிறது.

இத்தகைய துணுக்குச் செய்திகளை ஆங்கிலத்தில் 'டிரிவியா' என்பர். மூன்று வழிகள் கூடும் இடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடையது அது. தமிழில் அவ்விடத்திற்கு முச்சந்தி என்று பெயர். முச்சந்திக்கு வந்தவர் எத்திசையிலும் பயணத்தைத் தொடரலாம். அங்கேயே நின்றுவிட்டால் எந்த ஊரையும் சென்றடைய மாட்டார். இன்றைய வினாடி வினாக்கள் பல மாணவரை முச்சந்தி வரை அழைத்து வந்து அங்கேயே விட்டுவிடுகின்றன.

நன்னூல் காட்டும் வழி

வினாக்களை ஆறாக வகுத்துக்காட்டுகிறது பவணந்தி முனிவரின் நன்னூல். அவற்றுள் முதல் இரண்டும் இங்கு எண்ணத்தக்கவை. விடையைத் தான் அறிந்திருந்தும், பிறர் அறிவாரா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா.

வினாடி வினா மேடையில் ஒலிப்பவை யாவும் அறிவினாக்கள். வினா கேட்பவரின் கையில் விடைத்தாள் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதே முடிவு. இதில் தவறு ஏதும் இல்லை. சோதனை என்பதன் இயல்பே அதுதான். ஆனால், மனிதகுலத்தின் அறிவு வளர்ந்தது அறியா வினாக்களால். ஆகவே, நல்ல அறிவினா எது என்பதற்கு ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்ளலாம். விடை சொல்லி முடித்த பிறகும் கேட்டவர் மனத்தில் ஓர் அறியா வினாவை எழுப்புவதே நல்ல அறிவினா.

அறியா வினாவின் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. இந்தியாவின் தேசிய விளையாட்டு எது என்ற வினாவுக்கு 'ஹாக்கி' என்பதே பொது அறிவு நூல்கள் பலவற்றில் விடையாக இருந்துவந்தது. லக்னோவைச் சேர்ந்த பள்ளிச் சிறுமி ஒருவர், அவ்வாறு அறிவித்த அரசாணை எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டார். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அரசு அறிவிக்கவில்லை என்று 2012இல் நடுவண் அரசின் விளையாட்டு அமைச்சகம் விடையளித்தது. ஆண்டுக்கணக்காக மேடைகளில் மதிப்பெண் பெற்றுவந்த விடையை ஒரு சிறுமியின் ஐயம் அசைத்துவிட்டது. மனப்பாடம் செய்தவர் எவருக்கும் அவ்வினா தோன்றவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நூலின் எண்

திருப்பூரின் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி போன்றவற்றில் பயில்வோருள் பனியன் தொழிலைச் சார்ந்த குடும்பத்தினர் பலர். பெற்றோர் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என ஏதேனும் ஒரு வேலையில் இருப்பர். அவ்வேலைகளுக்குள் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வரலாறும் அடங்கியுள்ளன. அவற்றை வினாவாக்கினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

20ஆம் எண் நூல், 40ஆம் எண் நூல் ஆகிய இரண்டில் எது மெல்லியது? எண் பெரிதானால் நூலும் பருமனாக இருக்கும் என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. 840 கெசம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் கிடைக்கின்றனவோ அதுவே பருத்தி நூலின் எண். 40ஆம் எண் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டங்கள்; அதாவது 33,600 கெசம். ஏறத்தாழ 454 கிராம் நூல் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது என்றால் அது எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்! விடையை முன்பே அறியாத மாணவரும் இவ்விளக்கத்தைக் கொண்டு கணக்கிட்டுக் கண்டறியலாம். கெசமும் பவுண்டும் இன்றும் இங்கு வழங்குவது ஏன் என்று கேட்டால், இங்கிலாந்தின் நூற்பாலை வரலாறு விரியும்.

துணியின் தரத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று அளப்பர். இதற்காக ஒரு முழு மீட்டர் துணியை வெட்டி வீணாக்குவதில்லை. 100 சதுரச் சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத் துண்டு ஒன்றை வெட்டி எடையிட்டு, அவ்வெடையை 100ஆல் பெருக்குகின்றனர். ஏன் 100? ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுரச் சென்டிமீட்டர் அடங்கும் என்று அறிந்தவர்க்கு விடை எளிது. துண்டின் எடை 1.8 கிராம் எனில் துணியின் எடை 180. இந்தக் கணக்கு நாள்தோறும் தொழிற்கூடங்களில் நடக்கிறது. இதனைச் செய்பவர்கள் தம்மைக் கணிதம் அறிந்தவர் என்று எண்ணிக்கொள்வதில்லை.

நெய்த துணியைவிடப் பின்னிய துணி நன்கு நெகிழ்வது ஏன்? நெசவில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நேராக ஓடுகின்றன. பின்னலில் நூல் வளைந்து கண்ணியாகிறது. ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணி நுழைகிறது. இழுக்கும்போது வளைவு நிமிர்ந்து இடம் கொடுக்கிறது. இப்பின்னலுக்கு இயந்திரம் கண்டவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ, ஆண்டு 1589. 'பனியன்' என்ற சொல்லும் கடல்வழி வந்ததே. வணிகரைக் குறிக்கும் குசராத்திச் சொல் ஐரோப்பியர் வாயில் உருமாறி, ஆடையின் பெயராயிற்று. உலகெங்கும் ஆடை விற்கும் ஊர், வணிகரின் பெயர் தாங்கிய ஆடையால் அறியப்படுவது வியப்புக்குரிய பொருத்தம்.

கொடியும் இராட்டையும்

கொடிகாத்த குமரன் பிறந்த ஊர் எது? சென்னிமலை. பிறந்த ஆண்டு 1904. மறைந்த நாள் 1932 சனவரி 11. இவ்விடைகளைத் திருப்பூர் மாணவர் பலர் அறிவர். இவற்றோடு நின்றுவிட்டால் ஒரு மாபெரும் ஈகம் மூன்று எண்களாகச் சுருங்கிவிடும்.

அவ்வாண்டு சனவரித் திங்களில் ஊர்வலம் நடக்கக் காரணம் என்ன என்று கேட்கலாம். இரண்டாம் வட்டமேசை மாநாடு பயனின்றி முடிந்து தாயகம் திரும்பிய காந்தியடிகள் 1932 சனவரி 4ஆம் நாள் கைது செய்யப்பட்டார். நாடெங்கும் போராட்டம் மூண்டது. திருப்பூரில் நடந்த ஊர்வலத்தில் காவலரின் தடியடியில் வீழ்ந்தார் குமரன், கொடியை விடவில்லை. அவர் ஏந்திய அன்றைய காங்கிரசுக் கொடியில் இருந்த உருவம் எது என்பது அடுத்த வினா. இராட்டை என்பது விடை. நெசவுக் குடும்பத்தில் பிறந்த இளைஞர் ஒருவர், கதர் வணிகத்தில் சிறந்து விளங்கிய ஊரில், நூல் நூற்கும் இராட்டை பொறித்த கொடியைக் காத்து உயிர் நீத்தார். இதனை உணர்ந்த மாணவர்க்கு அந்த ஆண்டும் நாளும் தாமாகவே நினைவில் நிற்கும்.

உப்பும் ஆறும்

பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது உப்பை ஏன் சேர்க்கின்றனர்? நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் வினைபுரி சாயமும் எதிர்மின் தன்மை உடையது. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும். உப்பு அவ்விலக்கத்தைத் தணித்து, சாயம் இழையை நெருங்க உதவுகிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் தம் அறிவியல் பாடத்தைக் கொண்டே இவ்விடையை எட்டலாம்.

சாயம் துணியில் தங்குகிறது. உப்பு எங்கே போகிறது என்பது அதிலிருந்து பிறக்கும் வினா. உப்பு கழிவுநீரோடு சேர்கிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் நொய்யலாற்றில் அக்கழிவுநீர் ஆண்டுக்கணக்கில் கலந்தது. பாசனத்துக்காக 1992இல் ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் வெளியேற்றம் முற்றிலும் நிற்கும்வரை சாய, சலவை ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துவதும் உப்பைப் பிரித்தெடுப்பதும் தொழிலின் இன்றியமையாப் பகுதிகளாயின.

பழங்காலத்தில் மணிகளுக்குப் புகழ்பெற்றிருந்த கொடுமணலும் இதே ஆற்றின் கரையில்தான் உள்ளது. நொய்யல் எங்குத் தோன்றுகிறது என்று மட்டும் கேட்கும் வினா ஒரு மலையின் பெயரோடு முடிந்துவிடும். உப்பைப் பற்றிக் கேட்கும் வினாவோ வேதியியலில் தொடங்கி, உழவரின் வயலுக்கும் தொழிலாளரின் வேலைக்கும் சென்று சேர்கிறது. ஆற்றைக் காப்பது எவ்வாறு, வேலையைக் காப்பது எவ்வாறு என்னும் அறியா வினாக்களை அது விட்டுச்செல்கிறது.

மறுப்பும் விடையும்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழக்கூடும். போட்டித் தேர்வுகளில் ஆண்டும் பெயரும் இடமுமே கேட்கப்படுகின்றன. அவற்றை மனத்தில் இருத்தாமல் வேலை பெற இயலுமா என்பர் சிலர். இது நேர்மையான மறுப்பு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு அரசுப் பணி குடும்பத்தின் நிலையையே மாற்றவல்லது. எனவே, நினைவாற்றலை இகழ்வது பொறுப்பாகாது. நூல் இல்லாமல் துணி இல்லை. செய்தி இல்லாமல் சிந்தனையும் இல்லை. ஆனால், கூம்பில் சுற்றிய நூலை எவரும் உடுத்துவதில்லை. ஒரு செய்தியோடு மற்றொன்று கண்ணிபோல் கோக்கப்படும்போதுதான் அது பயன் தரும். அவ்வாறு கோத்த செய்தி தேர்வுக்கும் எளிதில் நினைவுக்கு வரும்.

உள்ளூரைப் பற்றியே கேட்டால் மாணவரின் பார்வை குறுகிவிடாதா என்பது மற்றொரு மறுப்பு. மேலே கண்ட வினாக்கள் திருப்பூரில் தொடங்கி இங்கிலாந்துக்கும் குசராத்துக்கும் சென்றதை நோக்கினால் இவ்வச்சம் நீங்கும். தூத்துக்குடி மாணவர்க்கு உப்பளமும், நெய்வேலி மாணவர்க்குப் பழுப்பு நிலக்கரியும், சிவகாசி மாணவர்க்குத் தீக்குச்சியும் இவ்வாறே உலகத்தின் வாயில்களாக அமையும்.

மேடையின் கடமை

நாள்தோறும் கண்முன் நடக்கும் வேலையைப் பற்றி எந்த மேடையிலும் ஒரு வினாவும் எழவில்லை எனில், அறிவு என்பது வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணம் மாணவர் மனத்தில் வேரூன்றும். தம் தாய் செய்யும் வேலை கூலிக்குரியது. கல்விக்குரியதன்று என்று அவர் கருதத் தொடங்குவார். பொது அறிவின் பெயரால் இத்தகைய தாழ்வுணர்ச்சி வளரக் கூடாது.

இதனைத் தவிர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. வினாக்களில் பாதியேனும் 'ஏன்', 'எவ்வாறு' என்று கேட்பனவாக அமையலாம். ஒவ்வொரு விடைக்குப் பிறகும் அரை நிமிட விளக்கம் தரலாம். விடைத்தாளிலுள்ள பிழையைச் சான்றுடன் காட்டுவோர்க்கு மதிப்பெண் வழங்கலாம். அறியா வினாவுக்கென ஒரு சுற்றையும் ஒதுக்கலாம். ஒவ்வோர் அணியும் தான் அறியாத ஒன்றை வீட்டிலோ தொழிற்கூடத்திலோ கேட்டறிந்து, கண்ட விடையை அரங்கில் எடுத்துரைக்க வேண்டும். அச்சுற்றுக்கு அணியமாகும் மாணவர், வேலை முடிந்து வரும் தாயிடமும் தந்தையிடமும் அவர்களது வேலையைப் பற்றி ஒரு வினாவாவது கேட்டாக வேண்டும். அவர்கள் ஆசிரியராகும் அந்த வேளைக்கு வினாடி வினா வழிவகுக்குமானால், அதனைவிடப் பெரிய பரிசு அம்மேடையில் வேறில்லை.