மறுமொழி சபைக்குரியது

கிறித்தவ ஆலயங்களிற் சங்கீதம் வாசிக்கும் முறைபற்றிச் சைவனாகிய யான் கருத்துரைக்கப் புகுவது சிலர்க்கு மிகையெனத் தோன்றலாம். வழிபாட்டு விதியை யான் தொடவில்லை. ஒரு பாட்டு எவ்விடத்திற் பிரியும் என்பது தமிழாசிரியனுக்கும் உரிய வினாவே.

விவிலியத்தின் 136ஆம் சங்கீதம் 26 வசனங்களைக் கொண்டது. அத்தனைக்கும் பின்பாதி ஒன்றே. இறையருள் அழியாதது என்னும் பொருளது. முன்பாதிகளோ படைப்பு, எகிப்திய விடுதலை, செங்கடல், வனாந்தரம், அரசர் வீழ்ச்சி எனக் கதையாய் நடந்து செல்வன. ஒருவர் கதை சொல்ல, ஊரார் ஒரே வாசகத்தால் மறுமொழி கூற எழுந்த பாட்டு இது என்பதை அறிய எபிரேயம் கற்க வேண்டுவதில்லை. ஆலயத்துக்கு அடித்தளமிட்ட நாளில் அவ்வாசகத்தை மாறிமாறிப் பாடினர் என எஸ்றா ஆகமத்தின் 3ஆம் அதிகாரமும் கூறும்.

சபைகள் சிலவற்றில் நடப்பது யாது? ஒற்றை எண் வசனம் முழுவதும் குருவானவர்க்கு. இரட்டை எண் வசனம் முழுவதும் சபையார்க்கு. அவர் சொன்னதற்கு அவரே மறுமொழியும் கூறிக்கொள்கிறார். எண்ணைப் பார்த்துப் பங்கிட்டனரேயன்றிப் பாட்டைப் பார்த்துப் பங்கிட்டாரல்லர்.

ஒரு பாதி சொன்னதை மறுபாதி ஏற்றும் எதிர்த்தும் வளர்த்தும் செல்வதே எபிரேயச் செய்யுளின் கட்டு. இராபர்ட் லோத் என்னும் ஆங்கில அறிஞர் 1753இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். மேனாட்டு மடங்களில் இரு பக்கத்தாரும் வசனம் வசனமாக மாறிப் பாடுவதுண்டே எனின், உண்டு. ஆயின் அங்கே ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் நின்று மூச்சு விடுவர். அந்நிறுத்தம் பாட்டின் கட்டைக் காக்கிறது.

இம்மாறுகுரல் வெறும் அலங்காரமன்று. கிறித்தவர்கள் விடியுமுன் கூடித் தம்முள் மாறிமாறிப் பாடினர் என்று ரோம அதிகாரி பிளினி கி.பி. 112 அளவிற் பேரரசனுக்கு எழுதினார். 386இல் மிலான் நகரில், அரசி ஜஸ்தீனாவின் நெருக்கடியால் ஆலயத்தினுள் விழித்துக் காவலிருந்த மக்கள் துயரத்தாற் சோர்ந்துவிடாதபடி, கீழைத்தேச முறையிற் பாடும் வழக்கம் ஆங்குப் புகுந்தது என்பர் அகுஸ்தீனார். பிறர் பாடக் கேட்டிருந்தால் உறங்கியிருப்பர். தாமும் பாடியமையால் விழித்திருந்தனர்.

நமக்கோ இது புதிதன்று. திருச்சாழலில் ஒருத்தி வினவ மற்றொருத்தி விடை கூறுகிறாள். மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் ஆடும் நாட்டுக்கூத்திற் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடாவிடின் கூத்தே இல்லை.

கத்தோலிக்க ஆலயங்களில் வேறொரு குறை கண்டேன். மக்கள் மறுமொழிகளாலும் பல்லவிகளாலும் வழிபாட்டிற் பங்குகொள்ளுமாறு ஊக்கப்பட வேண்டும் என 1963இல் வத்திக்கான் சங்கம் பணித்தது. பதிலுரைப் பாடலும் பூசையில் உரிய இடம் பெற்றது. ஆயினும் வாரந்தோறும் மாறும் பல்லவிக்கு வாரந்தோறும் புதுமெட்டு! மெட்டு அறியாத மக்கள் வாய்மூடி நிற்க, ஒலிவாங்கி முன் நிற்கும் நால்வரே பாட்டையும் பாடி மறுமொழியையும் பாடிவிடுகின்றனர். பாட்டு இனிமையாகத்தான் இருக்கிறது. மக்களின் பங்கை அவ்வினிமை ஈடுசெய்யாது. பல்லவியை ஒரு மூச்சில் அடங்குமாறு சுருக்கி, ஒரு மெட்டையேனும் ஒரு மாதம் மாற்றாது பாடினால் என்ன?

முறையை மாற்றினாற் குழப்பம் வரும் என்று அஞ்சுவோர், 136ஆம் சங்கீதத்தில் மட்டும் தொடங்கிப் பார்க்கட்டும். எண்களை மறந்து ஒவ்வொரு வசனத்தையும் பாதியிற் பிரியுங்கள். சபையார்க்குரியது ஒரே வாசகம். அச்சிட்ட தாள் வேண்டா. எழுத்தறியாத மூதாட்டிக்கும் மூன்றாம் வசனம் வருமுன் அது மனப்பாடமாகிவிடும்.