வரப்புப் புல்லும் வளர்ப்பு முயலும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, தாவரவியல் மாணவி)

மணப்பாறை மாட்டுக்குச் சினிமாப் பாட்டே உண்டு. முயலுக்கு யார் பாட்டுக் கட்டுவார்? ஆமையிடம் தோற்ற கதை ஒன்றுதான் அதற்குக் கிடைத்த புகழ்! ஆயினும் மணப்பாறைக்குத் தெற்கே, முன்னாளில் பாளையமாகவும் பின்னாளில் ஜமீனாகவும் இருந்த எங்கள் மருங்காபுரி வட்டாரத்தில், கொல்லையில் இரண்டு மூன்று முயல்களை வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பம் அவற்றுள் ஒன்று. "முயலா? அது நட்டக் கணக்கு" என்ற பேச்சைத் துவரங்குறிச்சிப் பேருந்தில் நான் கேட்காத மாதமில்லை. நட்டம் அடைந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது மெய்தான். ஆனால் அந்த நட்டம் முயலிடமிருந்து வரவில்லை. தீவன மூட்டையிலிருந்து வந்தது என்பதே என் துணிபு.

பக்கத்து ஊரில் ஒருவர் நகைகளை அடகு வைத்து ஐம்பது முயல் வாங்கினார். விற்ற நிறுவனமே கூண்டு கொடுத்தது, தீவனம் கொடுத்தது, குட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பத்திரமும் எழுதிக் கொடுத்தது. முதல் ஈற்றுக் குட்டிகளை வாங்கவும் செய்தது. இரண்டாம் ஈற்றின்போது தொலைபேசியை எடுக்க ஆளில்லை. மூட்டைத் தீவனத்தின் விலையோ நின்றபாடில்லை. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழிப் பண்ணைகள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் பணம் இழந்தார்களே, அதே கதையின் சிறு பதிப்பு இது. தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாதிடும் விற்பனையாளர்களை நம்பி, முயல் என்ன தின்னும் பிராணி என்று கேட்கவே நாம் மறந்துவிடுகிறோம்.

முயல் புல் தின்னும் பிராணி. இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கலாம். நாம் கூண்டில் வளர்ப்பது நம் காட்டு முயல் அன்று. காட்டு முயல் வேறோர் இனம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். (சித்திரை மாதத்தில் வலையோடு கிளம்பும் இளைஞர்கள் கவனிக்க!) கூண்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதிகளின் வறண்ட மேட்டு நிலங்களில் வளை தோண்டி வாழ்ந்தவை. காய்ந்த புல்லையும் கசப்புப் பூண்டையும் கொறித்தே அவை பெருகின. அவற்றின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நாரை அரைத்து அரைத்துத்தான் பல் தேய வேண்டும். தேயாவிட்டால் பல் நீண்டு வளைந்து, எதிரே உணவிருந்தும் உண்ண முடியாமல் முயல் பட்டினி கிடக்கும்.

வயிறு இன்னும் வியப்பானது. மாட்டைப் போல் அசைபோடும் நான்கறை இரைப்பை முயலுக்கு இல்லை. அதற்குப் பதிலாகக் குருட்டுக்குடல் என்னும் பெரிய பை ஒன்று உண்டு. நார் அங்கே நுண்ணுயிர்களால் நொதிக்கிறது. நொதித்ததை முயல் மெல்லிய, பளபளப்பான புழுக்கையாக வெளியேற்றித் தன் வாயாலேயே நேராக எடுத்து விழுங்கிவிடுகிறது. முதல் முறை பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் புல்லில் உள்ள சத்தை இருமுறை பிழிந்தெடுக்கும் சிக்கனம் அது! நார் குறைந்து மாவு மிகுந்தால் இந்த நொதிப்பு கெடும், வயிறு உப்பும். முயலால் வாந்தியெடுக்க முடியாது. வயிறு உப்பிய முயல் மறுநாள் காலையைக் காண்பது அரிது. மூட்டைத் தீவனத்திலும் நார் சேர்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கும் நார், வரப்பில் சும்மா கிடக்கிறதே!

எங்கள் வீட்டில் புல் பறிப்பது அப்பாயியின் அதிகாரம். வெயில் ஏறிப் பனி உலர்ந்த பின்புதான் கூடையோடு கிளம்புவார். பறித்ததைக் குவித்து வைக்கவிடமாட்டார். திண்ணையில் பரப்பி, வாட்டம் கண்ட பின்பே கூண்டில் போடவேண்டும். ஈரப்புல் குவிந்து கிடந்தால் உள்ளே சூடேறிப் புளித்துப்போகிறது என்பதை அவர் தாவரவியல் படித்து அறியவில்லை. நாய்கள் நடமாடும் இடத்துப் புல்லைத் தொடமாட்டார். கேட்டால் "தீட்டு" என்பார். விலங்கியல் ஆசிரியரிடம் கேட்டேன். நாயின் குடலில் வாழும் நாடாப்புழு ஒன்று தன் இளம்பருவத்தை முயலின் உடலில்தான் கழிக்கிறதாம். தீட்டோ புழுவோ, முடிவு ஒன்றுதான்.

அருகம்புல் முதல் தரம். கிணற்றடியிலும் வாய்க்கால் ஓரத்திலும் அது என்றும் கிடைக்கும். அடுத்தது வெட்டுக்காயப் பூண்டு. காயம் பட்டால் கசக்கிப் பிழிவோமே, அதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை அது. முயலும் அந்நியன், களையும் அந்நியன், இருவரும் மருங்காபுரியில் சந்தித்து உறவாடுகிறார்கள்! தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை ஆகியவற்றைச் சமையலுக்குக் கிள்ளியது போக முற்றிய தண்டு முயலுக்கு. இலையின் வடிவத்தாலேயே பெயர் பெற்ற முயற்செவியும் மழைக்காலத்தில் வரும். சாரணைக் கொடியை மட்டும் அப்பாயி ஒரு பிடிக்கு மேல் சேர்க்கமாட்டார். அதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி என்று நான் படித்தது பின்னால்.

தின்னக் கூடாதவற்றின் பட்டியலே இதனினும் முக்கியம். எருக்கு, அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி ஆகியவற்றைச் சிறுபிள்ளையும் விலக்கும். ஆனால் குப்பைமேனி? மனிதருக்கு மருந்து என்ற நற்பெயர் அதற்கு. வேலியோரமெல்லாம் கீரையைப் போலவே தளதளவென்று நிற்கும். முயலுக்கோ அது நஞ்சு. இரத்தத்தையே கரும்பழுப்பாக்கிவிடும் என்று மருந்துச்செடி நூல்களில் எழுதியிருக்கிறார்கள். மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு ஏறும். ஆடு மாடுகளைக் காவு கொடுத்துக் கற்ற பாடம் ஆகையால் அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மரவள்ளி இலையிலும் அதே நஞ்சு. விரைவாக வளர்கிறதே என்று சூபாபுல் தழையை நாள்தோறும் போட்டால் முயலின் உரோமம் உதிர்ந்துவிடும்.

இனி நான் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். எங்கள் வட்டாரத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மார்கழியில் வரப்பெல்லாம் பச்சை விரித்துக் கிடக்கும்போது, "இத்தனை புல்லுக்கு இருபது முயல் வளர்க்கலாமே" என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்குதான் ஆளைக் கவிழ்க்கிறது. வைகாசியில் வந்து பாருங்கள்! வரப்பு செம்மண் கோடாக இருக்கும்; குளம் வெடித்துக் கிடக்கும். மூன்று கிலோ எடையுள்ள முயல் பச்சையை மட்டும் தின்றால் நாளொன்றுக்கு அரைக் கிலோவுக்கு மேல் கேட்கும். பாலூட்டும் தாய் அதைப்போல் இரு மடங்கும் கேட்கும். ஒரு கிடாவும் இரண்டு பெட்டையும் என்றாலே இரண்டு கிலோ. குட்டிகள் ஆறு வளர்ந்துவிட்டால் கூடை இரண்டாகும். எனவே முயலின் எண்ணிக்கையை வைகாசிப் பச்சையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும், மார்கழிப் பச்சையைக் கொண்டு அன்று.

எங்கள் வீட்டு வைகாசிப் பச்சை இவ்வளவுதான்: பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்தில் நான்கு அகத்தி, வேலியில் இரண்டு கல்யாண முருங்கை, கொல்லையில் ஒரு முருங்கை, கிணற்றடி அருகு. இவற்றோடு, அறுவடையின்போது காயவைத்துப் பரண் மேல் அடுக்கிய கடலைக்கொடி. கொடியில் பூஞ்சை பிடித்திருந்தால் அதைக் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும், முயலுக்கு ஆகாது. ஆக மொத்தம் மூன்று முயலுக்கு மேல் தாங்காது. ஆகவே மூன்றே வைத்திருக்கிறோம். பங்குனி முதல் ஆனி வரை பெட்டையைக் கிடாவிடம் விடுவதில்லை. விட்டாலும் பயன் குறைவு. கடும் வெயிலில் கிடாவின் வீரியம் வற்றிவிடுகிறது. சினைக்காலம் ஒரு மாதம்தான் என்பதால், மழை பிடித்தபின் சேர்த்தால் புல் தழைத்திருக்கும் நாளிலேயே குட்டிகள் கண் திறந்து கொறிக்கத் தொடங்குகின்றன.

நீலகிரிச் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயல்களை ஆய்ந்து வளர்த்து வருகின்றன. சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் போன்ற இனங்களை உழவர்களிடம் கொண்டு சேர்த்ததில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. திருச்சியிலும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. அவற்றின் பணியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மன்னவனூரின் குளிரும் புல்வெளியும் நமக்கு ஏது? அங்கே பிறந்த முயலை இங்கே கொண்டுவரலாம்; அங்குள்ள கணக்கைக் கொண்டுவர முடியாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் இறைச்சிக்குப் பங்கீடு வந்தபோது மக்கள் வீட்டுப் பின்புறத்தில் முயல் வளர்த்தார்கள். அதற்கென்று கழகங்கள் அமைத்தார்கள். அரசு அக்கழகத்தாருக்குத் தவிடு பங்கீடு செய்தது. பச்சையை வழியோரங்களில் அவர்களே பறித்துக்கொண்டார்கள். தவிடு கொஞ்சம், பச்சை மிகுதி. எங்கள் வீட்டு முறையும் கிட்டத்தட்ட அதுவே. பாலூட்டும் தாய்க்கு மட்டும் ஒரு கை தவிடும் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கும். வெறும் பச்சை அவளுக்குப் போதாது.

"பச்சையில் வளர்த்தால் எடை ஏறாதே" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அடர்தீவனத்தில் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ எட்டும் குட்டி, எங்களிடம் ஐந்து மாதம் எடுத்துக்கொள்கிறது. கறிக்கடைக்கு நாள் குறித்துக் கொடுப்பவர்களுக்கு இம்முறை உதவாது. எங்களுக்கோ இது பண்டிகைக்குக் கறி, கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் நான்கு குட்டி விற்ற பணம், அகத்திக்கு எரு. செலவு இல்லாத இடத்தில் இரண்டு மாதம் கூடுவது நட்டம் ஆகாது. (என் தம்பி ஒவ்வொரு குட்டிக்கும் பெயர் வைத்துவிடுவதுதான் எங்களுக்கு உள்ள ஒரே இடைஞ்சல்.)

செலவு இல்லை என்றேன். காசுச் செலவு இல்லை. ஆனால் நாளும் ஒரு மணி நேரம் குனிந்து புல் பறிப்பது யார்? பாட்டிமாரும் பெண்பிள்ளைகளுமே. அப்பாயிக்கு முழங்கால் வலி வந்தபின் அந்தக் கூடை என் கைக்கு வந்தது; தம்பியின் கைக்குப் போகவில்லை. முயல் வளர்ப்பைக் "குடும்பத் தொழில்" என்று மேடையில் புகழ்பவர்கள், கூடை யார் தலையில் இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் தம்பி போகிறான். சண்டை போட்டுத்தான் இந்த ஏற்பாடு வந்தது!

பறிக்கும் இடமும் சுருங்கி வருகிறது. கிளுவையும் கல்யாண முருங்கையும் நின்ற உயிர்வேலிகளை எடுத்துவிட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். கம்பி வேலியில் என்ன தழைக்கும்? குளத்துப் புறம்போக்கில் சீமைக்கருவேலம் மண்டி, அதன் அடியில் புல் முளைப்பதில்லை. எல்லாவற்றையும் விட எனக்கு அச்சம் தருவது களைக்கொல்லி. தெளித்த வரப்பு முதல் இரண்டு நாள் பச்சையாகவேதான் இருக்கும். பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகையால் யார் காட்டில் என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று விசாரித்த பின்பே கூடை எடுக்கிறோம். நிலத்துக்காரர் வரப்பில் ஒரு சிவப்புத் துணி கட்டினால் போதும். அந்தச் சிறு வழக்கத்தை ஊராட்சிக் கூட்டத்தில் யாராவது எடுத்துச் சொல்லலாகாதா?

கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் ஹெர்பேரியம் தாள் ஒட்டுகிறோம். இலத்தீன் பெயர் எழுதுகிறோம், குடும்பம் எழுதுகிறோம், மதிப்பெண் பெற்றதும் கட்டி வைத்துவிடுகிறோம். அத்தாளில் இன்னும் இரண்டு வரிக்கு இடமிருக்கிறது: ஊரில் வழங்கும் பெயர், ஆடு, மாடு, முயல் தின்னுமா தின்னாதா. ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதினால் மூன்றாண்டுகளில் திருச்சி மாவட்டத்துத் தீவனப் பூண்டுகளின் பட்டியல் நம் துறையின் அலமாரியில் இருக்கும். நான் தொடங்கிவிட்டேன். அப்பாயி சொன்னவற்றில் இருபத்தேழு பூண்டுகளுக்குத் தாள் ஆயிற்று. இன்னும் நான்கு பெயர்கள் எந்த நூலிலும் எனக்கு அகப்படவில்லை. மழை பெய்து அவை முளைத்ததும் பறித்து வருகிறேன். பேராசிரியர்கள்தாம் பார்த்துச் சொல்லவேண்டும்.